சிரிப்பைக் கண்டு விலகியவர்களுக்கு: 'ட்ரைகன்' தொடர் குறித்து ஒரு திறந்த மடல்

'ட்ரைகன்' என்னும் ஜப்பானிய அசைபடத் தொடரை முதல் மூன்று நான்கு அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்ட அன்பர்களுக்கு,

துப்பாக்கி வீரனின் கதை என்று நம்பி அமர்ந்து, டோனட்டை வாயில் திணித்துக்கொள்பவனும் பெண்களைக் கண்டால் பல்லிளிப்பவனும் எவரேனும் சுட வந்தால் அலறியடித்துக்கொண்டு ஓடுபவனுமான ஒரு நெட்டையனைக் கண்டு சலித்து, இது சிறுவர்களுக்கான கோமாளித்தனம் என்ற முடிவோடு எழுந்துபோனவர்கள் பலர் உண்டு. அவர்களை முன்னிறுத்தியே இம்மடல் எழுதப்படுகிறது. அவர்களுடைய சலிப்பு முற்றிலும் நியாயமற்றது என்று வாதிடுவது இதன் நோக்கமன்று. தொடக்க அத்தியாயங்களில் வேடிக்கை சில இடங்களில் அளவு மீறுகிறது என்பதும், ஒரே வகை முகச்சேட்டை திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் உண்மையே. ஆயினும், எவரையும் கொல்வதில்லை என்று உறுதி பூண்ட ஒருவன் எல்லோரும் ஆயுதம் ஏந்திய ஓர் உலகில் நடமாடுவதற்குக் கைக்கொண்ட வழிமுறைதான் அந்த வேடிக்கை என்பதையும், அந்த வழிமுறைக்கு உரிய விலையைத் தொடரின் பிற்பாதி அவனிடமிருந்து தயவின்றி வசூலிக்கிறது என்பதையும் காணும் முன்பே அவர்கள் விலகிவிட்டார்கள். கதையின் முடிவுவரை இங்கே பேசப்படுவதால், அதை அறியாமல் பார்க்க விரும்புவோர் இப்பத்தியோடு மடலை மடித்துவைத்து, தொடரைப் பார்த்து முடித்தபின் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தொடரின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. யாசுஹிரோ நைட்டோ என்னும் ஓவியர் 1995இல், தோகுமா ஷோத்தேன் பதிப்பகத்தின் 'ஷோனென் கேப்டன்' என்ற மாத இதழில், 'ட்ரைகன்' என்ற மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வரையத் தொடங்கினார். 1997இல் அவ்விதழ் நின்றுபோனதால் கதையும் இடையில் நின்றது; பின்னர் 'யங் கிங் அவர்ஸ்' என்ற வேறோர் இதழில் 'ட்ரைகன் மாக்ஸிமம்' என்ற தலைப்பில் தொடர்ந்து, 2007இல்தான் முடிவுற்றது. அசைபட வடிவமோ அதற்கு வெகு முன்பே, 1998 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, டிவி டோக்கியோ அலைவரிசையின் பின்னிரவு நேரத்தில் 26 அத்தியாயங்களாக ஒளிபரப்பாகிவிட்டது. மேட்ஹவுஸ் என்னும் கலையகம் தயாரித்த அத்தொடரைச் சதோஷி நிஷிமுரா இயக்கினார்; யோசுகே குரோடா திரைக்கதையை அமைத்தார். மூலக்கதை நிறைவடைய இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்த நிலையில் இக்குழுவினர் தமக்கென ஒரு முடிவைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பிற்பாதியின் துணிவும் அதன் அவசரமும் ஒருங்கே விளங்கும். அதே அலைவரிசையில் அதே வாரத்தில் 'கௌபாய் பீபாப்' தொடரும் தொடங்கியது ஒரு சுவையான தற்செயல். 'ட்ரைகன்' தொடருக்கு இசையமைத்த கிட்டார் கலைஞர் சுனேயோ இமாஹோரி, 'பீபாப்' இசைக்குழுவிலும் வாசித்தவர். பாட்டுவரி ஒன்றுகூட இல்லாமல், கரகரத்த மின்கிட்டாரின் ஓசையை மட்டும் நம்பி இயங்கும் 'ட்ரைகன்' தொடக்க இசையைக் கேட்பவர் எவரும், அடுத்து வரப்போவது ஒரு கோமாளியின் கதை என்று எதிர்பார்க்கமாட்டார்.

வெஸ்டர்ன் எனப்படும் அமெரிக்க மேற்கு நிலப்பரப்பின் கதைவகை தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களின் வழியே டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் தமிழிலேயே படித்துப் பழகியவர்கள், ஊருக்குள் நுழையும் முன்பின் அறியாத குதிரைவீரன், மதுக்கடையில் திடீரென அடங்கிப்போகும் பேச்சு, ஷெரிஃபின் தயக்கம், நடுத்தெருவில் நிகழும் நேருக்குநேர் மோதல், இறுதியில் தனியே கிளம்பிச் செல்லும் வீரன் என்ற அதன் இலக்கணத்தை முழுவதும் அறிவர். ஜப்பானுக்கும் இவ்வகைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலும் பழையது. அகிரா குரோசாவாவின் 1961ஆம் ஆண்டுப் படமான 'யோஜிம்போ'வை இத்தாலியரான செர்ஜியோ லியோனே 1964இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' என்று உரிமை பெறாமலே கௌபாய்க் கதையாக மாற்றியதும், அதற்காகத் தயாரிப்புத் தரப்பினர் இழப்பீடு தர நேர்ந்ததும் திரைப்பட வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டவை. அதற்கும் முன்பே, 1959இல் தொடங்கி, நிக்காட்சு நிறுவனம் அகிரா கோபயாஷியைத் தோளில் கிட்டாருடன் ஊர் ஊராக அலையும் வீரனாக்கி ஒரு படவரிசையையே எடுத்தது. ஆகவே ஒரு ஜப்பானியர் அலைந்து திரியும் துப்பாக்கி வீரனைப் படைத்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கொல்லாத துப்பாக்கி வீரனும் புதியவன் அல்லன். 1933இல் அமெரிக்க வானொலியில் பிறந்த 'லோன் ரேஞ்சர்' எதிரியின் ஆயுதத்தை மட்டுமே குறிவைத்துச் சுடுபவன். 1939ஆம் ஆண்டின் 'டெஸ்ட்ரி ரைட்ஸ் எகெய்ன்' படத்தில் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் ஏற்ற துணை ஷெரிஃப், இடையில் துப்பாக்கியே இல்லாமல் ஊருக்குள் நுழைந்து அனைவரின் கேலிக்கும் ஆளாகிறான். லக்கி லூக்கோ தன் நிழலைவிட விரைவாகச் சுடுபவனாக இருந்தும் வாசகரைச் சிரிக்கவைப்பதோடு நின்றுவிடுகிறான். இவர்களில் லூக்குக்கும் ரேஞ்சருக்கும் கொல்லாமை என்பது செலவில்லாத ஒரு பண்பு. குண்டு எப்போதும் எதிரியின் கைத்துப்பாக்கியில் மட்டுமே படுகிறது, எதிரி கையை உதறிக்கொண்டு ஓடிவிடுகிறான், அடுத்த கதையில் வீரனின் உடலில் ஒரு கீறல்கூட இருப்பதில்லை. இதே வித்தையை ஒருவன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தால் அவனுடைய உடலும் மனமும் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை, சிரித்தபடியே, கேட்டதுதான் நைட்டோவின் பங்களிப்பு.

கதை நிகழும் இடம், அசைபட வடிவத்தில் கன்ஸ்மோக் என்று பெயர்பெற்ற ஒரு பாலைக்கோள். இரண்டு சூரியன்களும் ஐந்து நிலவுகளும் கொண்டது. பூமியை விட்டுப் புறப்பட்ட குடியேற்றக் கப்பல்கள் அதன்மீது விழுந்து நொறுங்கியதில் எஞ்சியவர்களின் சந்ததியினர், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரைப் போல உடுத்திக்கொண்டு, தாமஸ் என்னும் பறவைபோன்ற பெருவிலங்குகளின்மீது சவாரி செய்துகொண்டு, தங்களுக்கே சரியாகப் புரியாத பழைய பொறிகளை நம்பி வாழ்கின்றனர். அப்பொறிகளில் தலையாயது பிளாண்ட் எனப்படுவது: மாபெரும் மின்குமிழ் வடிவிலான கலத்துக்குள் உயிருள்ள ஏதோ ஒன்றை அடைத்துவைத்து, அதிலிருந்து மின்னாற்றலையும் வாழ்வுக்கு வேண்டிய பிறவற்றையும் பெறும் அமைப்பு. அமெரிக்க மேற்கில் ஓர் ஊரின் ஆயுளை நீர்நிலை தீர்மானித்ததைப் போல, இங்கே பிளாண்டின் ஆயுள் தீர்மானிக்கிறது. அது பழுதானால் ஊர் அழியும். அந்தக் கலத்துக்குள் இருப்பது யார் என்று எவரும் கேட்பதில்லை என்பதைத் தொடர் வெகுநேரம் சாதாரணமாகவே விட்டுவைக்கிறது.

இவ்வுலகில் வாஷ் தி ஸ்டாம்பீட் என்பவனின் தலைக்கு 6,000 கோடி இரட்டை டாலர் விலை வைக்கப்பட்டிருக்கிறது. மனித உருவில் வந்த சூறாவளி என்று பட்டம் பெற்ற அவன், ஜூலை என்னும் பெருநகரத்தை ஒரே நாளில் தரைமட்டமாக்கியவன் என்று சொல்லப்படுகிறது. அவனைத் தேடிக் கொலைகாரர்கள் மட்டுமன்றி இரண்டு அலுவலகப் பெண்களும் வருகின்றனர். பெர்னார்டெல்லி காப்பீட்டுக் கழகத்தின் ஊழியர்களான மெரில் ஸ்ட்ரைஃப், மில்லி தாம்சன் ஆகிய இவ்விருவரின் பணி, வாஷ் செல்லும் இடமெல்லாம் விளையும் சேதத்தை மதிப்பிடுவதும், இயன்றால் அச்சேதம் நிகழாமல் தடுப்பதும் ஆகும். முதல் அத்தியாயங்களின் நகைச்சுவை பெரும்பாலும் அடையாளக் குழப்பத்திலிருந்தே பிறக்கிறது. பேரழிவை விளைவித்தவன் மலைபோன்ற உருவமும் கொடூரப் பார்வையும் உடையவனாகவே இருக்க வேண்டும் என்று நம்பும் மெரில், கண்ணெதிரே உளறிக்கொண்டு நிற்கும் செந்நிற மேலங்கிக்காரனை வாஷ் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். விலகிச்சென்ற அன்பர்கள் செய்ததும் ஏறத்தாழ மெரில் செய்ததே. அவளுக்கோ வேலைநிமித்தம் தொடர்ந்து பின்செல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது.

காப்பீட்டுக் கழகம் என்ற இந்தக் கற்பனையை வெறும் கேலிக்கான கருவி என்று ஒதுக்கிவிடலாகாது. வெஸ்டர்ன் கதைகளில் உடையும் கண்ணாடிகளுக்கும் எரியும் தானியக் கிடங்குகளுக்கும் யார் பொறுப்பேற்பது என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. வீரன் கிளம்பிப் போகும்போது கதையும் அவனோடு போய்விடும், மதுக்கடைக்காரன் என்ன ஆனான் என்று பார்க்க எவரும் தங்குவதில்லை. 'ட்ரைகன்' தொடரில் கையில் விண்ணப்பப் படிவத்தோடு இரண்டு பேர் தங்குகின்றனர். போகப்போகச் சேதம் மிகுந்து கட்டுப்படியாகாத நிலையில், வாஷ் ஒரு மனிதன் என்பதற்குப் பதிலாக இயற்கைப் பேரிடர் என்றே வகைப்படுத்தப்பட்டுவிடுகிறான். காப்பீட்டு ஒப்பந்தங்களில் நிலநடுக்கம், புயல் போன்ற மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளுக்கு இழப்பீடு தரவேண்டியதில்லை என்று விலக்குப் பிரிவு ஒன்று இருப்பதுண்டு. அப்பிரிவுக்குள் ஒரு தனிமனிதனைக் கொண்டுவந்து அடைப்பதுதான் இங்குள்ள நகைப்பு. இதைவிடக் கூர்மையான அலுவலகக் கிண்டல் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபட உலகில் அரிது. ஆனால் இந்த நகைப்புக்குள் தொடரின் மையக் கேள்வி ஒளிந்திருக்கிறது. புயலுக்குக் குற்றவுணர்வு கிடையாது. பேரிடர் என்று அறிவிக்கப்பட்டவன் தன் செயல்களுக்குப் பொறுப்பாளியும் அல்லன். உலகம் முழுதும் அவனுக்கு இந்த விடுதலையை வழங்கத் தயாராக இருக்கும்போது, தன்னால் நேர்ந்த ஒவ்வொன்றுக்கும் தானே பொறுப்பு என்று பிடிவாதமாகச் சுமந்துகொண்டு திரிபவன் வாஷ் ஒருவன் மட்டுமே. ஆறாம் அத்தியாயத்தில், ஜூலை நகரின் அழிவில் தப்பிப் பிழைத்த எலிசபெத் என்ற பொறியாளர் பழிதீர்க்க அவனை நாடி வரும்போது அவன் காட்டும் முகத்தை அன்பர்கள் கண்டிருந்தால், தொடரை அவ்வளவு எளிதில் கைவிட்டிருக்கமாட்டார்கள்.

அவனுடைய கோமாளித்தனம் செயல்படும் விதம் சற்று நின்று கவனிக்கத்தக்கது. உணர்ச்சி மிகும்போது உருவத்தின் விகிதத்தைக் குலைத்து, கண்ணையும் வாயையும் பொம்மைபோல் உப்பவைத்து வரைவது அனிமே மரபில் நெடுங்காலமாக உள்ள உத்தி. பிற தொடர்களில் அது எழுத்தாளரின் வேடிக்கை. இங்கே பாத்திரமே வேண்டுமென்று மேற்கொள்ளும் வேடமாக அது மாறுகிறது. துப்பாக்கிகள் நீட்டப்பட்டிருக்கும் ஓர் அறைக்குள் வாஷ் தடுமாறி விழுகிறான், மேசையைக் கவிழ்க்கிறான், அழுகிறான், அன்பும் அமைதியும் வேண்டும் என்று கத்துகிறான். எல்லோருடைய பார்வையும் எரிச்சலும் அவன்மீது திரும்புகின்றன, அந்த இடைவெளியில் சுடப்பட வேண்டியவர் சுடப்படாமல் தப்பிவிடுகிறார். விழுந்தது தற்செயலா திறமையா என்று பார்ப்பவரால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அவனுக்குக் குரல் தந்த மசாயா ஓனோசாகா, கீச்சிட்ட கூச்சலிலிருந்து தாழ்ந்த அமைதியான குரலுக்கு ஒரே மூச்சில் இறங்கும்போதுதான் அந்த ஐயம் தீர்கிறது. பத்தாம் அத்தியாயத்தின் துப்பாக்கிப் போட்டி இதற்குச் சிறந்த சான்று. தோற்பவர் சாக வேண்டிய அப்போட்டியில் பொய்ப்பெயரோடு நுழையும் வாஷும், பின்னர் பேசப்படவிருக்கும் அவன் கூட்டாளி வுல்ஃப்வுட்டும், கூட்டம் அறியாதவாறு, ஒருவரும் சாகாதபடி ஆட்டத்தை நகர்த்துகின்றனர். பார்ப்பவர் சிரித்துக்கொண்டே இருக்கும் அந்த இருபது நிமிடங்களில் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்பது பிறகுதான் உறைக்கிறது.

இதற்கான விலையை அவன் உடலே காட்டுகிறது. செந்நிற மேலங்கி கழன்றபோது தெரிவது, தையல்களாலும் உலோகத் தகடுகளாலும் ஒட்டுப்போடப்பட்ட ஓர் உடல். இடக்கை முழுதும் செயற்கையானது. சுட்டு வீழ்த்தியிருக்கக் கூடிய ஒருவனைச் சுடாமல் விட்ட ஒவ்வொரு தருணமும் அங்கே ஒரு வடுவாகப் பதிந்திருக்கிறது. அவனைச் சுட்டவர்கள் அனைவரும் தீயவர்களும் அல்லர். இனெப்ரில் என்னும் ஊரில் அவனைத் துரத்துவது சாதாரணக் கடைக்காரர்களும் குடும்பப் பெண்களும் முதியவர்களும்தான். அவர்களுடைய பிளாண்ட் செயலிழந்துகொண்டிருக்கிறது, ஊரைக் காப்பாற்றப் பணம் வேண்டும், அந்தப் பணம் வாஷின் தலையில் இருக்கிறது. ஊரே திரண்டு ஒருவனைக் கொல்லத் துரத்தும் அந்த அத்தியாயம் வயிறு குலுங்கச் சிரிக்கவைப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. நியாயம் துரத்துபவர்கள் பக்கமும் இருக்கிறது என்பதைத் துரத்தப்படுபவன் அறிந்திருப்பதுதான் அதன் கனம்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், பாலைவனத்தில் குற்றுயிராகக் கிடந்து, வழியே வந்த பேருந்தினரால் மீட்கப்படும் நிக்கோலஸ் டி. வுல்ஃப்வுட் வந்து சேர்ந்த பின்னரே தொடர் தன் முழு உயரத்தை அடைகிறது. இவன் ஊர் ஊராகச் செல்லும் பாதிரி. அனாதைக் குழந்தைகளுக்காகப் பணம் சேர்ப்பவன். வாயில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் சிகரெட். தோளில், துணியாலும் வார்களாலும் சுற்றப்பட்ட, ஆளுயரத்தை மிஞ்சிய ஒரு சிலுவை. அந்தச் சிலுவைக்குள் கைத்துப்பாக்கிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும், சிலுவையே ஓர் இயந்திரத் துப்பாக்கி என்பதும் விரைவில் தெரியவருகிறது. இருவருக்கும் இடையில் உருவாகும் நட்பு, தேர்ந்த இரட்டையர் நகைச்சுவையின் அமைப்பில் எழுதப்பட்டது: ஒருவன் தொடங்கும் வாக்கியத்தை மற்றவன் குத்தலாக முடிக்கிறான், ஒருவனின் அசட்டுத்தனத்துக்கு மற்றவன் பெருமூச்சு விடுகிறான். அதே வேளையில் அது தீர்க்க முடியாத ஒரு வழக்காகவும் இருக்கிறது. எல்லோரையும் காப்பாற்ற முடியும் என்று நம்புபவன் பிழைக்க வேண்டியவர்களைப் பிழைக்கவிடாமல் செய்துவிடுவான், ஆகவே யாரைக் காப்பது யாரைக் கைவிடுவது என்று முடிவெடுக்கும் பாவத்தை எவரேனும் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பது வுல்ஃப்வுட்டின் நிலைப்பாடு. பயணத்தின் பிற்பகுதியில், ஆயுதம் ஏந்திய ஒரு சிறுவனைப் பேசித் திருத்திவிடலாம் என்று வாஷ் முயன்றுகொண்டிருக்கும்போதே வுல்ஃப்வுட் அச்சிறுவனைச் சுட்டுவிடுகிறான். அதனால் எழும் சண்டையில் தொடர் வாஷுக்கு எளிதான வெற்றியைத் தருவதில்லை. குழந்தைகளுக்காக வாழும் ஒருவன் ஒரு குழந்தையைச் சுட்டான் என்ற கொடுமையையும், சுடாதிருந்தால் வாஷ் இறந்திருக்கக்கூடும் என்ற உண்மையையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

வழக்கின் தீர்ப்பு 23ஆம் அத்தியாயத்தில் வருகிறது; அதைத் தீர்ப்பு என்று கொள்வதா என்பதே ஐயம். தன்னை வளர்த்து ஆயுதம் பயிற்றிய சேப்பல் என்பவனோடு மோத நேரும் வுல்ஃப்வுட், வாஷின் வழியை முதன்முறையாகத் தானும் கைக்கொண்டு, தன் ஆசானைக் கொல்லாமல் விடுகிறான். அதனாலேயே இறக்கிறான். குண்டடிபட்ட உடலோடு தேவாலயத்துக்குள் நடந்து சென்று, தன் சிலுவையோடு மண்டியிட்டு, வாழ விருப்பம் இருந்ததை ஒப்புக்கொண்டே அவன் உயிர்விடும் காட்சி, தொலைக்காட்சி அசைபடங்களில் மரணம் காட்டப்பட்ட விதங்களுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அங்கே கண்கலங்கச் செய்வது வசனமோ இசையோ மட்டுமன்று. பதினைந்து அத்தியாயங்கள் இரட்டையர் நகைச்சுவைக்குப் பழகிவிட்ட பார்வையாளர், அடுத்த அத்தியாயத்தில் வாஷ் எதையாவது சொன்னதும் பதிலுக்கு வரவேண்டிய குத்தல் வராமல் போவதைக் காதால் உணர்கிறார். முற்பாதியின் சிரிப்பைப் பொறுமையின்றித் தாண்டிக் குதித்து நேரே இக்காட்சிக்கு வருபவருக்கு இந்த இழப்பு கிட்டாது.

வாஷின் உறுதிக்கு மூலம் ரெம் சேவரம் என்ற பெண். விழுந்து நொறுங்கிய கப்பல் ஒன்றில், பிளாண்டுக்குள் அடைக்கப்பட்ட அதே உயிரினத்திலிருந்து மனித உருவில் தோன்றிய இரட்டையர்தாம் வாஷும் அவன் உடன்பிறந்தவனான நைவ்ஸும்; அவர்களை வளர்த்தவள் ரெம். சிறுவயதில், சிலந்தி வலையில் சிக்கிய ஒரு வண்ணத்துப்பூச்சியை எப்படியாவது இரண்டுக்கும் தீங்கின்றி விடுவிக்க முடியாதா என்று வாஷ் தவித்துக்கொண்டிருக்கும்போது, நைவ்ஸ் சிலந்தியை நசுக்கிவிடுகிறான். ஒன்று பிழைக்க மற்றொன்று சாகத்தானே வேண்டும் என்பது அவன் கணக்கு. அதே கணக்கைப் பின்னாளில் அவன் மனித இனத்தின்மீது செலுத்தியதன் விளைவே கப்பல்களின் வீழ்ச்சி. மனிதர்களை முற்றான அழிவிலிருந்து காக்கத் தன் உயிரைக் கொடுத்தவள் ரெம். ஆக, மனிதர்களைக் கொல்லமாட்டேன் என்று சபதம் ஏற்றவன் மனிதனே அல்லன். தன் இனத்தைக் குமிழுக்குள் அடைத்துப் பிழிந்து வாழ்பவர்களைத்தான் அவன் காத்துவருகிறான். நைவ்ஸின் வெறுப்புக்கு ஒரு நியாயமான அடிப்படை இருக்கிறது என்பது இதனால் விளங்கும். அதை அசைபடம் தொட்டுவிட்டு விலகிப்போவது அதன் பெருங்குறை. மாங்காவே அதை விரிவாக எடுத்துப் பேசுகிறது.

24ஆம் அத்தியாயத்தில் நைவ்ஸின் தொண்டனான லெகாட்டோ ப்ளூசம்மர்ஸ், பிறர் உடலைத் தன் மனத்தால் ஆட்டுவிக்கும் ஆற்றல் கொண்டவன், வாஷை ஒரு முட்டுச்சந்துக்குள் நிறுத்துகிறான். அவன் ஆட்டுவிக்கும் ஊர்மக்களின் கையில் மெரிலும் மில்லியும் சிக்கியிருக்கின்றனர். லெகாட்டோவைக் கொன்றாலன்றி அவர்களுக்கு உயிரில்லை. விழுந்து புரண்டோ அழுதோ கவனத்தைத் திருப்பியோ தப்பிக்க வழியில்லாதபடி, வாஷின் பழைய வித்தைகள் அனைத்தும் செல்லாத ஒரு நிலையை லெகாட்டோ தேர்ந்து அமைத்திருக்கிறான். சாவதற்கு அஞ்சாதவனிடம், கொல்ல அஞ்சுபவன் தோற்றாக வேண்டும். வாஷ் சுடுகிறான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்த விரதம் ஒரு குண்டில் முடிகிறது. இங்கே இயக்குநர் வீரனின் இறுக்கமான முகத்தையோ பழிதீர்த்த நிறைவையோ காட்டாமல், தாங்கொணாத் துயரத்தில் உடையும் ஒருவனைக் காட்டுகிறார். தீயவன் சுடப்படுவதை இறுதி இன்பமாக வைத்திருக்கும் ஒரு கதைவகைக்குள் நின்றுகொண்டே அந்த இன்பத்தை மறுத்தது சிறிய துணிச்சல் அன்று.

அதற்கடுத்த அத்தியாயத்தில் வாஷ் ஏறத்தாழச் சிரிக்கவே இல்லை. தொடக்கத்தில் அவனது அசட்டுத்தனத்தைத் தாங்காமல் எழுந்துபோன அன்பர்கள் இவ்விடம் வரை வந்திருந்தால், அந்த அசட்டுத்தனம் ஒரே ஒரு முறையாவது திரும்பி வராதா என்று ஏங்கியிருப்பார்கள். மெரில் அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். அவனைப் பழிவாங்க வந்தவர்களின் முன் அவளே குறுக்கே நிற்கிறாள், துப்பாக்கியால் அன்றிப் பேச்சால் அவர்களைத் தடுக்க முயல்கிறாள். சேத மதிப்பீட்டுக்காக வந்தவள் அவனுடைய வழிமுறையையே கற்றுக்கொண்டாள் என்பதைத் தொடர் எடுத்துச் சொல்லாமல் நிகழ்த்திக் காட்டுகிறது. குற்றம் செய்த ஒருவன் மன்னிக்கப்படலாமா என்ற கேள்விக்கு விவாதமாக எந்த விடையும் இங்கே தரப்படவில்லை. உணவு, உறக்கம், மருந்து, துவைத்த துணி என்ற அன்றாட வேலைகளின் வழியே அவன் மீண்டும் எழுந்து நடக்கத் தொடங்குகிறான். இறுதி மோதலில் உடன்பிறந்தவனை வென்றும் கொல்லாமல், காயங்களுக்குக் கட்டுப்போட்டு, முதுகில் சுமந்துகொண்டு வருகிறான். லெகாட்டோவைக் கொன்ற பிறகும் விரதத்தைத் தொடர்வது போலித்தனம் என்று சிலர் குறைகூறுவர். ஒருமுறை தவறியதால் விரதமே பொய்யாகிவிட்டது என்று கொள்வதைவிட, தவறிய பின்னும் அதைக் கைக்கொள்வதே கடினம் என்று தொடர் கருதியதாகக் கொள்வது பொருந்தும்.

குறைகளை மறைப்பதில் பயனில்லை. நிதி நெருக்கடியின் அடையாளங்கள் படமெங்கும் தெரிகின்றன: அசையாத சித்திரங்கள் நெடுநேரம் நிற்கின்றன, ஒரே துண்டுக்காட்சி பலமுறை பயன்படுகிறது. லெகாட்டோவின் கொலைப்படையினர் பலரும் ஓர் அத்தியாயத்தில் தோன்றி, விசித்திர ஆயுதம் ஒன்றைக் காட்டிவிட்டு, நினைவில் தங்காமல் மறைகின்றனர். மெரிலும் மில்லியும் முற்பாதியில் தாமே முடிவெடுத்து இயங்குபவர்களாக இருந்து, பிற்பாதியில் பெரும்பாலும் காத்திருப்பவர்களாகச் சுருங்கிப்போவது வருத்தத்துக்குரியது. பெண்களைத் துரத்தும் வாஷின் சேட்டைகளில் சில அன்றே சுவைகுன்றியவை.

2023இல் ஆரஞ்சு என்னும் கலையகம் கணினி வரைகலையில் 'ட்ரைகன் ஸ்டாம்பீட்' என்று இக்கதையைப் புதிதாகப் படைத்தது. அசைவின் நுட்பத்தில் அது பழையதை வெகுதூரம் விஞ்சிவிட்டது. நைவ்ஸின் பக்க நியாயத்தையும் அது தொடக்கத்திலிருந்தே கையாள்கிறது. ஆனால் அதில் மெரில் காப்பீட்டு ஊழியராக இல்லாமல் இளம் செய்தியாளராக வருகிறாள், மில்லியின் இடத்தில் ரோபர்ட்டோ என்ற மூத்த செய்தியாளர் வருகிறார். செய்தியாளர் உண்மையைத் தேடுபவர். காப்பீட்டு ஊழியரோ உடைந்த ஜன்னலுக்கு யார் பணம் தருவது என்று கேட்பவர். இம்மாற்றத்தால் சிரிப்பு குறைந்ததோடு பொறுப்பைப் பற்றிய அந்தப் பழைய விசாரணையும் மங்கிவிட்டது என்பது இம்மடலின் கணிப்பு. புதியதைப் பார்த்துவிட்டுப் பழையதைத் தேவையில்லை என்று ஒதுக்கியவர்களும் விலகியவர்களின் கூட்டத்திலேயே சேர்க்கத்தக்கவர்.

மீண்டும் தொடங்க மனம் கொள்வோர் முதல் அத்தியாயத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை; இனெப்ரில் ஊரின் துரத்தலைச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடரலாம். பதின்மூன்றாம் அத்தியாயம் பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு என்பதால் அவசரக்காரர்கள் அதைத் தாண்டிச் செல்வதில் பெரிய இழப்பில்லை. ஒன்பதையும் பத்தையும் எக்காரணம் கொண்டும் தவிர்க்கலாகாது, அவை எவ்வளவு அற்பமான வேடிக்கையாகத் தோன்றினாலும் சரி. 23ஐயும் 24ஐயும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்காமல் இடையில் ஒரு நாளாவது விடுவது நல்லது. 1998இல் அவற்றைப் பின்னிரவில் பார்த்த ஜப்பானியருக்கு அந்த இடைவெளி ஒரு வாரமாக இருந்தது.